கையை எடுக்கிற நேரம்

போன வாரம் உன் மனைவி ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். உள்ளே உன் பச்சைத் துண்டில் சுற்றிச் சணல் போட்டுக் கட்டிய ஒரு பொட்டலம். முடிச்சை அவிழ்க்கும்போதே வாசனை வந்துவிட்டது. மிஷின் எண்ணெயும் பழைய ரெக்ஸினும் கலந்த அந்த வாசனை எது என்று உனக்குத்தான் தெரியும். நம் ரிதம் பாக்ஸ். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீ இருந்திருந்தால் கேலி செய்தே கொன்றிருப்பாய்.

ஒரு பட்டனை அமுக்கினால் தபேலா, டிரம், சிம்பல் எல்லாம் தானாகவே ஒரு தாளத்தில் ஓடிக்கொண்டிருக்குமே, அதே பெட்டி. பட்டன்களுக்குக் கீழே நான் எழுதி ஒட்டிய காகிதத் துண்டுகள்கூட அப்படியே இருக்கின்றன. கும்மி. டிஸ்கோ. சோகம். மாப்பிள்ளை வரார். எழுத்து மங்கிப்போயிருக்கிறது, ஆனால் படிக்க முடிகிறது.

"அண்ணா, ஞாயித்துக்கெழம அவரு படத்த தொறக்கறோம். நீங்க இதுல ஒரே ஒரு பாட்டு வாசிக்கணும்" என்றாள் உன் மனைவி. சரிம்மா என்று சொல்லிவிட்டேன். கீபோர்டைத் திறந்து இரண்டு வருஷம் ஆகிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? நீ படுக்கையில் விழுந்த பிறகு எனக்கு அதில் மனமே போகவில்லை. என் பையன் லேப்டாப்பில் ஆயிரம் சத்தம் வைத்திருக்கிறான். எல்லாம் பிசகில்லாமல் வருகிறது. கேட்டால் ஆறிப்போன சோற்றைப் பிசைகிற மாதிரி இருக்கிறது. எனக்கு இப்படி ஆவது இது இரண்டாவது தடவை. முதல் தடவை என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். அதைப் பற்றி நாம் கடைசிவரை பேசவே இல்லை.

தொண்ணூற்றொன்று. சுங்குவார்சத்திரத்தில் எனக்கு ரேடியோ ரிப்பேர் கடை. உனக்கு மண்ணூர்ப் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை. தகரத்தை உள்ளே வைத்துக் காலால் பெடலை மிதித்தால் மேலேயிருந்து அச்சு இறங்கி வெட்டும். முகூர்த்த நாட்களில் இரண்டு பேரும் கச்சேரிக் குழுவில் இருப்போம், நான் கீபோர்டு, நீ முதலில் தபேலா. அதற்கு முந்தின வருஷம் அந்த மிஷின் உன் வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் நீ கேட்ட முதல் கேள்வி, "தபேலாவ யாருக்குனா குட்த்துட்டியா?"

"இல்லடா, வூட்லதான் கீது" என்றேன்.

"குட்த்துடு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

ஆறு மாதம் நீ யாரையும் பார்க்கவில்லை. பிறகு ஒரு நாள் இந்தப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் கடைப் படியேறினாய். "இதுக்குக் கட்ட வெரலு போதும் மச்சி" என்றாய். அன்றைக்கு உன் முகத்தைப் பார்க்கவேண்டுமே! தை மாதம் வாலாஜாபாத்தில் முதல் கச்சேரி. சின்னப் பிள்ளைகள் மேடைக்குப் பின்னால் போய், மேளக்காரரை எங்கே ஒளித்துவைத்திருக்கிறோம் என்று தேடினார்கள். பெரியவர்களும்தான். நமக்குத் தலைகால் புரியவில்லை.

ஆவணிக்குள் எனக்குச் சலித்துவிட்டது. எந்தப் பாட்டாக இருந்தாலும் அதே பதினாறு தாளத்துக்குள் அடக்கவேண்டும். சாந்துப் பொட்டு வைத்தாற்போல ஒவ்வொரு அடியும் அதே இடத்தில் விழும். ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தவர் சாம்பாரை ஊற்றிக்கொண்டே அடுத்த உருட்டலை வாயால் போட்டுக் காட்டினார். ஒரு நொடிகூடத் தப்பவில்லை. எனக்கு மானம் போயிற்று.

அன்றைக்குத் திரும்பி வருகிற பஸ்ஸில்தான் அதைச் சொன்னேன். "இதுல உயிரே இல்லடா. செத்த சத்தம். யாரு அமுக்குனாலும் இதான் வரும். நாய் மிதிச்சாக்கூட இதான் வரும்."

நீ வலது கையை மெல்லத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டாய். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பெரிய மனுஷன் மாதிரி. சத்திரத்தில் இறங்கியதும் நீ உன் ஊர் பஸ்ஸைப் பார்த்து நடந்துவிட்டாய்.

அடுத்த மாதத்திலிருந்து வரமாட்டேன் என்று குழுவில் சொல்லிவிட்டேன். கீபோர்டின் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினேன். பத்து நாள் கழித்து, மத்தியான வேளையில், ஒரு டிரான்சிஸ்டரைப் பிரித்துப் போட்டிருந்தபோது நீ வந்து நின்றாய்.

"கெளம்பு."

"எங்கடா?"

"கெளம்புன்னா கெளம்பேன். ஒனக்கு இன்னா கலெக்டர் உத்தியோகமா?"

பஸ் மாறி மண்ணூருக்குப் போனோம். உன் பிரஸ் ஷாப்புக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார வைத்தாய். விரல் போன பிறகு உன்னை அங்கே ஸ்டோரில் போட்டிருந்தார்கள், அன்று நீ லீவு. உள்ளேயிருந்து மிஷின் சத்தம் மண்டையைப் பிளந்தது.

"இன்னா கேக்குது?"

"மிஷினு."

"எத்தினி?"

கொஞ்ச நேரம் காது கொடுத்துவிட்டு, "மூணு" என்றேன்.

"மூணும் ஒரே கம்பெனி, ஒரே மாடலு. ஆனா மொத மிஷினுல செல்வம் ஒக்காந்துகினு கீறான். நடுவுல கீறது பாய். கடசில புதுசா வந்தவன். நான் உள்ள பாக்காமயே சொல்றேன், போய்ப் பாத்துட்டு வா."

நான் சும்மா இருப்பேனா? வாட்ச்மேனைத் தாஜா செய்து எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். நீ சொன்ன வரிசை அப்படியே இருந்தது.

"எப்படிடா?"

"அடில கேக்காத. அடி மிஷினோடது, அது எல்லாருக்கும் ஒண்ணுதான். நடுவுல கேப்பு வுடுது பாரு, அதக் கேளு. தகரத்த வெச்சிட்டுக் கைய வெளிய எடுக்கற நேரம் அது. செல்வம் கைய எடுத்துட்டு ஒரு மூச்சு வுடுவான். பாய் சட்டுனு எடுப்பாரு. புதுப் பையன் பயந்துகினு ரெண்டு மூச்சு வுடறான், நல்லது. ஒவ்வொருத்தனும் அந்தக் கேப்புலதான் கீறான்." டீ கிளாஸைக் கீழே வைத்தாய். "அன்னிக்கு ஓ.டி. அவசரம். நான் அந்த மூச்ச வுடல."

நான் உன் வலது கையைப் பார்த்தேன். நீயோ காரியத்தில் கண்ணாக இருந்தாய். "வர்ற ஞாயித்துக்கெழம வாலாஜாபாத்ல ரிசப்சன். சரணம் முடிஞ்ச ஒடனே நான் பெட்டிய நிறுத்துவேன். நீயும் கைய எடுத்துடு. ரெண்டு கையும். நான் மறுபடி அமுக்கறப்ப வா. புடிக்கலன்னா அதுக்கப்புறம் வராத, கேக்க மாட்டேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சரணம் முடிந்தது. நீ நிறுத்தினாய். நான் கையைத் தூக்கினேன். பாடகர் பேய் அறைந்தவர்போல நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கரண்ட்டு போச்சு!" என்று கத்திக்கொண்டு ஜெனரேட்டர்காரர் வேட்டியைத் தூக்கிக் கட்டிப் பின்பக்கம் ஓடினார். லைட் எல்லாம் எரிந்துகொண்டுதான் இருந்தது, அதை யார் பார்த்தார்கள்? பந்தலே ஒரு மூச்சுக்கு வாயடைத்து நின்றது. அப்போது உன் கட்டைவிரல் இறங்கியது.

அதே பெட்டி, அதே தாளம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பந்தலில் ஓவென்று கூச்சல். நீ என் பக்கம் திரும்பவே இல்லை, வாயோரம் மட்டும் கொஞ்சம் கோணியது. அதற்குப் பிறகு கீபோர்டை விட்டு நான் எங்கே போனேன்? ரேடியோவில் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே வருமே ஒரு இரைச்சல், அதைக்கூட மைக்கில் பிடித்து அந்த இடைவெளியில் விட்டுப் பார்த்தேன். "ஏன்டா, காக்காவ வேற கூட்டியாரப் போறியா?" என்று திட்டினாய். இத்தனை வருஷக் கச்சேரியிலும் சரணம் முடிந்தால் என் கை தானாக மேலே போகும். எவ்வளவு நேரம் என்பதை நான் எண்ணியதே கிடையாது. அது உன் பாடு.

ஆனால் பஸ்ஸில் சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்றே முப்பது வருஷத்துக்கு மேல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும் கிரிக்கெட்டைப் பற்றித்தான் பேசினேன்.

என் மருமகன் இப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பிரஸ் லைனில் இருக்கிறான். கை உள்ளே இருந்தால் அச்சு இறங்காதாம், ஏதோ ஒளிக்கதிர் வைத்திருக்கிறார்களாம். போன மாதம் அவன் அதைச் சொன்னபோது எழுந்து வெளியே வந்துவிட்டேன். சந்தோஷமா கோபமா என்று தெரியவில்லை. உனக்கு அது கிடைக்கவில்லையே.

நேற்று உன் படத்தைத் திறந்தார்கள். மாலை போட்டுப் பேச வேண்டியவர்கள் பேசி முடித்தபின் நான் உட்கார்ந்தேன். உன் பெட்டியை வழக்கம்போல என் இடது பக்கம் வைத்தேன். பட்டனை அமுக்கினேன், தாளம் ஓடியது, விரலும் ஒருவழியாக ஓடியது. சரணம் முடிந்தது. பெட்டியை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கினேன்.

தூக்கியபடியே இருந்தேன். ஒரு மூச்சு. இரண்டு. இடது பக்கம் பார்த்துக்கொண்டு உன் கட்டைவிரலுக்காகக் காத்திருக்கிறேன், எப்படிப்பட்ட முட்டாள் பார். பின்னாலிருந்து மைக் செட்காரர், "கரண்ட்டு போச்சா?" என்றார். உன் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்து இல்லை என்று தலையசைத்தாள். அவள் கண்ணெல்லாம் தண்ணீர்.

பிறகு நானே அமுக்கினேன். தாளம் வந்தது. ஆனால் பிந்திவிட்டது, நீ அமுக்குகிற இடம் அது இல்லை. அடுத்த சரணத்தில் முந்திவிட்டேன். இன்று காலையிலிருந்து கடையைத் திறக்காமல் அந்த ஒரு பட்டனோடு உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு வருஷமாக எட்டிப் பார்க்காதவன் சாப்பாட்டை மறந்து அமுக்குவதைப் பார்த்து வீட்டில் பயந்துபோயிருக்கிறார்கள். நிறுத்துகிறேன், கையை எடுக்கிறேன், ஒரு மூச்சு விட்டு அமுக்குகிறேன். அருகில் வருகிறது, நழுவிப் போகிறது. நாளைக்கும் உட்காருவேன்.

யாரு அமுக்குனாலும் இதான் வரும்னு அன்னிக்கு பஸ்ல சொன்னேன் இல்ல? மன்னிச்சுடு மச்சி. வரமாட்டேங்குதுடா.