இருபது நிமிட அலங்கோலம்

மார்ச் 3, திங்கள்

ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் எல்லோருக்கும் சூப்பர்வைசர் மேடம் ஓர் அட்டை கொடுத்தார். ஒவ்வோர் அறைக்கான தாளிலும் அறை கிடக்கும் நிலையை இனி அதிலுள்ள ஆங்கிலச் சொற்களில்தான் எழுத வேண்டுமாம். ‘ஸ்லைட்லி அன்டைடி’, அதாவது லேசாகக் கலைந்தது என்றால் சுத்தம் செய்ய இருபது நிமிடம். ‘கம்ப்ளீட் மெஸ்’, ஒரே அலங்கோலம் என்றால் ஒரு மணி நேரம். ‘ஃபுல் மெஸ்’ என்று எழுதிக் காட்டினேன். ஆங்கிலத்தில் அந்த இரண்டு சொல்லும் சேர்ந்து வராதாம். நாற்றம் என்னவோ ஒன்றுதான்.

மூன்று முறை நேரம் தாண்டினால் வேலை நிரந்தரமாகாது. எனக்குப் பயிற்சிக்காலம் முடிய இன்னும் மூன்று வாரம்.

மார்ச் 6

அறை 312. திரைச்சீலை கழன்ற கம்பியோடு தொங்குகிறது. படுக்கையில் உடைந்த டம்ளர். குளியல் தொட்டிக்குள் தலையணை. ‘கம்ப்ளீட் மெஸ்’ என்று எழுதினேன். மேடம் அதை அடித்து, ‘ஸ்லைட்லி அன்டைடி’ என்று மாற்றிக் கையெழுத்துப் போட்டார்.

“மாசம் ரெண்டு தடவை வர்ற கம்பெனி டைரக்டர்மா. அவரைப் போய் அப்படி எழுதலாமா?”

அவரை எங்கே எழுதினேன்? ரூமைத்தானே எழுதினேன்?

ஒன்றேகால் மணி நேரம் ஆனது. முதல் தாமதம்.

மார்ச் 7

அதே 312. அதே கையெழுத்து. இரண்டாவது தாமதம்.

கூட வேலை செய்யும் அக்கா, “வாயை மூடிக்கிட்டு இருடி. நிரந்தரம் ஆகட்டும், அப்புறம் பேசு” என்றாள். அவள் நிரந்தரமாகிப் பதினோரு வருஷம். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

மார்ச் 10

மறுபடியும் 312, மறுபடியும் ‘ஸ்லைட்லி அன்டைடி’. சரியாக இருபதாவது நிமிடம் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். படுக்கையைப் பாதிதான் விரித்திருந்தேன். கதவைப் பூட்டினேன். பயமா, கோபமா? ரெண்டும்தான்.

மார்ச் 11

டைரக்டர் கத்தியிருக்கிறார். மேடம் கூப்பிட்டார். “என்ன திமிரு உனக்கு?”

தாளை நீட்டினேன். “நீங்க எழுதினதைச் சுத்தம் பண்ணிட்டேன் மேடம். மிச்சம் கிடக்கிறது நீங்க எழுதாதது.”

“வெளியே போ. உன் வேலையைப் பத்தி அப்புறம் சொல்றேன்” என்று வாசலைக் காட்டினார்.

மார்ச் 12

வேலை போனால் போகட்டும். போனால் — வாடகை? ச்சே, நடக்கிறது நடக்கட்டும்.

மார்ச் 24

நிரந்தரம் இல்லை. பயிற்சிக்காலம் இன்னும் ஆறு மாதம்.

டைரக்டர் மறுபடி வந்திருக்கிறார். 312-க்கான தாளை மேடம் ஒன்றும் எழுதாமல் என் துப்புரவு வண்டிமேல் வைத்துவிட்டுப் போனார். ‘கம்ப்ளீட் மெஸ்’ என்று நான் எழுதினேன். ஒரு மணி நேரம். யாரும் அதை அடித்து மாற்றவில்லை.

மதியம் அக்கா தன் தாளோடு வந்து நின்றாள். “எனக்கு இங்கிலீஷ் வராதுடி. உள்ளதை உள்ளபடி எழுதிக் குடு.”

அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர்.