மிஸ் சரி போட்ட விடை

செவ்வாய், இரவு.

இந்த டைரி யார் கையில் கிடைத்தாலும் எங்கள் வீட்டில் காட்டிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

காலையில் கணக்கு மிஸ் உறவுகளின் சேர்ப்பு நடத்தினார்: முதல் ஆளுக்கும் இரண்டாம் ஆளுக்கும் ஓர் உறவு, இரண்டாம் ஆளுக்கும் மூன்றாம் ஆளுக்கும் அதே உறவு என்றால், நடு ஆளை விட்டுவிட்டு முதலையும் மூன்றையும் ஜோடி சேர்ப்பது. "ஆளுக்கு ஒரு உறவு எடுத்துப் போடுங்கடி" என்றார். நான் 'அடிப்பது' என்பதை எடுத்தேன். அப்பா அண்ணனை அடிப்பார், அண்ணன் என்னை அடிப்பான். சேர்த்தால் கிடைக்கும் ஜோடி: அப்பா, நான். மறுபடி சேர்த்தால் ஒரு ஜோடியும் இல்லாத வெற்றுக் கணம், ஏனென்றால் நான் யாரையும் அடிப்பதில்லை. மிஸ் சரி போட்டார்.

மாலையில், அண்ணன் தாம்பரம் ஸ்டேஷனில் சிகரெட் பிடித்ததை யாரோ சொல்லிவிட, அப்பா பெல்ட்டால் அவன் முதுகைக் கிழித்தார். அவன் நேராக என்னிடம் வந்தான்.

"நீதானடி போட்டுக் குடுத்த?"

என் தலையைச் சுவரில் மோதினான். வாயெல்லாம் ரத்தம். தங்கை ஓடிவந்து, "வலிக்குதாக்கா?" என்று தொட்டாள். இரும்பு ஸ்கேலால் அவள் கையில் ஓங்கி அடித்தேன். தோல் பிளந்துவிட்டது.

"நான் என்னக்கா பண்ணேன்?"

அந்த வெற்றுக் கணத்தில் இப்போது ஒரு ஜோடி இருக்கிறது: அப்பா, தங்கை. அப்பா அவளைத் தொட்டதே இல்லை. என் கை வழியாக அடித்துவிட்டார்.

கதவைத் தட்டுகிறார்கள். மெதுவாகத்தான். அவளாக இருந்தால் நான்...