டேலியாப் பாத்தி

1957 ஜூலை 14, ஞாயிறு. அட்டன்.

படுக்கையறைச் சுவர் காயாமல் மனைவியை வீட்டுக்கு அழைத்துவரக் கூடாது என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்கு நெஞ்சுச் சளி. கூரை ஒழுகுகிறது என்று எண்ணி இரண்டு முறை தகரம் மாற்றினேன். இன்று மேசன் பிச்சை வந்து சுவரைத் தடவிப் பார்த்தார்.

"மேல காஞ்சுதானுங்க இருக்கு. இடுப்பு உசரத்துக்குத்தான் ஈரம். வெளிய பாத்தி மண்ணும் அதே உசரம். யாருங்கய்யா சுவத்தோட இப்படி மண்ணக் குவிச்சது?"

"நான்தான்."

"நல்ல வேல பாத்தீங்க, போங்க!"

படுத்தபடியே ஜன்னலில் டேலியாப் பூ தெரிய வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள்; அதற்காகத்தான் பாத்தியை உயர்த்தினேன். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஈரத்தைப் பற்றிப் பத்திரிகையில் மூன்று முறை எழுதியவன், என் சுவருக்குப் பின்னால் போய்ப் பார்க்கவில்லை.

மண்ணைச் செடிகளோடு வெட்டி எடுத்தோம். உள்பூச்சையும் உரித்தாயிற்று. மழை விட்டால் ஒரு மாதத்தில் காயுமாம்.

அவளுக்குக் கடிதம் எழுதினேன். சுவர் வேலை தொடங்கியதைச் சொன்னேன். பூக்களைப் பற்றி எழுதவில்லை.