எறும்புக்குத் தெரிந்தது

மே 7, புதன்

பள்ளி விடுமுறை, டீச்சருக்கும்தான். வாசிக்கப் புத்தகங்கள் குவிந்து கிடக்கின்றன, பேசத்தான் ஆள் இல்லை. இளவரசன் மறுபடி விரதம் என்கிறான். (இங்கே மட்டும்தான் ‘அவன்’. நேரில் ‘ஏங்க’.) தைப்பூசத்துக்கு ஒன்று, பங்குனி உத்திரத்துக்கு ஒன்று, இப்போது சித்ரா பௌர்ணமிக்கு. ஆளும் இளைத்துவிட்டான். ஹாலில் பாய் விரித்துப் படுக்கிறான். கல்யாணமான முதல் வருடம் இப்படி இல்லை.

அத்தை தெருவெல்லாம் மகன் பெருமை பேசுகிறார். “எம்புள்ள சாமியாருக்கு மேல ஆயிட்டான்.” வீட்டுக்குள் வந்ததும் என்னிடம், “இன்னாம்மா, விசேஷம் ஏதாச்சும் உண்டா?” சாமியாரிடம் கேட்க வேண்டிய கேள்வி, அத்தை.

மே 12, திங்கள்

கிரிவலம். நானும் கூட நடந்தேன். வழியில் யார் சர்க்கரைப் பொங்கல் நீட்டினாலும் வாங்கினான் – பிரசாதம். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர். “வெயில் ஜாஸ்தி,” என்றான். அப்போது நிலா வந்துவிட்டிருந்தது.

மே 13

கண்ணாடியில் பார்த்தேன். எனக்கு என்னைப் பிடிக்கிறது. அவனுக்குத்தான் பிடிக்கவில்லையா?

மே 17, சனி

பாத்ரூமில் எறும்பு வரிசை. “நீ சரியா கழுவுறதில்ல,” என்றார் அத்தை. கழுவினேன். இளவரசன் போய் வந்த பிறகு மறுபடி வரிசை.

மே 20, செவ்வாய்

துவைக்க எடுத்த அவன் பையில் ஒரு டப்பா. கிரிவலப் பாதையில் விற்கும் லேகியம். ‘ஆண்களுக்கு மட்டும்’. நுனிநாக்கில் வைத்துப் பார்த்தேன். வெல்லப்பாகு.

ஐயோ. தாகம் – வெயிலாம். இளைப்பு – விரதமாம். ஹாலில் பாய் – பக்தியாம். எறும்பு – நான் கழுவாததாம். சர்க்கரை வியாதிதானே இது? அதற்கு மேல் இனிப்பு லேகியம் வேறு. நான் ஒருத்தி, என்னைப் பிடிக்கலன்னு அழுதுட்டு இருந்திருக்கேன்.

மே 21

கேட்டுவிட்டேன்.

“அத எங்க எடுத்த?” என்றான், டப்பாவைப் பார்த்து.

“அது இருக்கட்டும். விரதம் சாமிக்கா, எனக்கா?”

மின்விசிறியையே பார்த்தான். “முடியல. நாலஞ்சு மாசமா. உங்கிட்ட எப்டி சொல்றது? விரதம்னா நீயும் கேக்கமாட்ட, அம்மாவும் கேக்கமாட்டாங்க.”

“உங்களுக்கு என்னைப் பிடிக்கலன்னு நினைச்சேன்.”

“பைத்தியமா நீ?” என்று சொல்லி அழுதான். நானும்தான்.

“நாளைக்கு வெறும் வயித்துல ரத்தம் குடுக்கணும்,” என்றேன். “உங்களுக்குத்தான் பழக்கமாச்சே.”

மே 23, வெள்ளி

சுகர் முந்நூறைத் தாண்டி நிற்கிறது. டாக்டர் சாதாரணமாகச் சொன்னார்: “சர்க்கரை ரத்தக் குழாயையும் நரம்பையும் கெடுக்கும்போது இதையும் கெடுக்கும். நிறைய பேருக்கு இந்தப் பிரச்சினைலதான் சுகரே தெரிய வருது. முதல்ல சுகரைக் கொறைங்க. லேகியம் வேணாம். நீங்களா மாத்திரை வாங்கிப் போடவும் வேணாம். தேவைப்பட்டா நான் எழுதித் தரேன்.” இளவரசன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேள்வியெல்லாம் நான்தான் கேட்டேன்.

அத்தையிடம் சுகரை மட்டும் சொன்னோம். மற்றது எங்களுடையது.

ஜூன் 11, புதன்

கிரிவலம் போனோம். நடை நல்லதாம். பொங்கலை நீட்டியவரிடம் “சுகருங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

ஜூலை 6, ஞாயிறு

சில நாள் கூடிவருகிறது, சில நாள் இல்லை. நேற்று இல்லை. எழுந்து உட்கார்ந்தான். மறுபடி பாயைத் தேடப்போகிறானோ என்று எனக்குப் பயம். தன் இ-சேவை மையத்தில் சொல்லும் அதே குரலில், “சர்வர் டவுன் மேடம், நாளைக்கு வாங்க,” என்றான். தலையணையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அத்தை கதவைத் தட்டித்தான் விழித்தோம். “மணி எட்டரை ஆச்சு. ரெண்டு பேருக்கும் இன்னா தூக்கம்? காபி ஆறிப்போச்சு.”

யார் எழுந்து போய்த் திறப்பது என்று போர்வைக்குள் கொஞ்ச நேரம் சண்டை போட்டோம்.