லென்ஸில் ஒட்டிய சீட்டு

மார்ச் 3, செவ்வாய்

செய்முறைத் தேர்வு ஒருவழியாக முடிந்தது. இருபத்து நான்கு விடைத்தாள், இடுப்பு ஒடிந்துவிட்டது. மாணவர்கள் எனக்கு ‘மைக்ரோமீட்டர்’ என்று பட்டப்பெயர் வைத்திருப்பது தெரியும். ஒரு தலைமுடி பிசகினாலும் மதிப்பெண்ணை வெட்டுகிறேனாம். வெட்டத்தான் செய்வேன். இயற்பியல் ஆய்வகத்தில் என்னை உட்கார வைத்திருப்பது வேறு எதற்கு?

நியூட்டன் வளையங்கள் சோதனை ஆறு பேருக்கு விழுந்தது; ஒரே கருவியில் மாறி மாறிச் செய்தார்கள். கண்ணாடித் தட்டின் மேல் லென்ஸை வைத்து மஞ்சள் விளக்கைப் போட்டால் வட்டம் வட்டமாகத் தெரியும். அந்த வட்டங்களை அளந்து லென்ஸின் வளைவு ஆரத்தைக் கணக்கிட வேண்டும். விடை 100 செ.மீ. ஐந்து பேர் 99, 100, 101 என்று கொடுத்திருக்கிறார்கள். இடது கையால் எழுதும் ஒருத்தி, நான் இடதுகைக்காரி என்று சொல்பவள், அவள் மட்டும் 84.6.

“எல்லாருக்கும் நூறு வருது. உனக்கு மட்டும் என்ன தனி லென்ஸா?” என்று கேட்டேன்.

“எனக்கு வந்தது இதுதான் மேடம். மூணு தடவை எடுத்துட்டேன்.”

திமிர். ‘அலட்சியம்’ என்று சிவப்பு மையில் எழுதி, நாற்பதுக்குப் பன்னிரண்டு போட்டேன். பதினாறு எடுத்தால்தான் தேர்ச்சி.

மார்ச் 5, வியாழன்

என் ஒப்பந்தக் கோப்பு துறைத் தலைவர் மேசையில் இருக்கிறது. ஒன்பது வருடமாக ஒவ்வொரு மார்ச்சிலும் அதைப் புதுப்பிக்க வேண்டும். “உங்களுக்கு என்னம்மா, கையெழுத்துப் போட்ட மாதிரிதான். கடைசி நேரத்துல புகார், கிகார்னு எதுவும் வராம பாத்துக்கோங்க” என்றார்.

வீட்டில் அவரிடம் சொன்னேன். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர், கிண்டலுக்குக் குறைச்சல் இல்லை. “உன்னைப் பத்தி யாரு புகார் சொல்லப்போறா? உன்னை எக்ஸ்ரே எடுத்தா எலும்புக்குப் பதிலா ஸ்கேல்தான் தெரியும்.”

மார்ச் 6, வெள்ளி

பட்டியல் ஒட்டிய பத்தாவது நிமிடம் இடதுகைக்காரி வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“மேடம், நீங்க ஒரு தடவை எடுத்துப் பாக்கறீங்களா?”

“எனக்கே பாடம் எடுக்கறியா நீ?”

வெளியே போனவள் மறுபடி எட்டிப் பார்த்து ஒன்று சொன்னாள். மேற்படிப்புக்கு வேறு பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. இந்தத் தாளில் தோற்றால் அது போய்விடும். மறுதேர்வுக்கு ஆறு மாதம் ஆகும். பட்டியலைத் திருத்த வரும் வெள்ளி வரைதான் அவகாசம்.

நான் என்ன செய்ய முடியும்? எண் எண்தான்.

மார்ச் 8, ஞாயிறு

அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தேன். பாத்திரம் கருகிவிட்டது. மூணு தடவை எடுத்தேன் என்றாளே.

மார்ச் 10, செவ்வாய்

காலையில் யாரும் வருமுன் ஆய்வகத்தைத் திறந்தேன். விளக்கு சூடாகும் வரை காத்திருந்து, நுண்ணோக்கியின் திருகை ஒரே பக்கமாகத் திருப்பி, இருபது வளையம் அளந்தேன்.

84.9.

எங்கோ பிசகியிருக்கும் என்று நினைத்து மறுபடி எடுத்தேன். 84.3.

அப்புறம்தான் பொறி தட்டியது. டிசம்பர் விடுமுறை. துடைக்கும்போது பழைய லென்ஸ் என் கையிலிருந்துதான் நழுவியது. உதவியாளர் பழைய அலமாரியிலிருந்து அதே அளவில் இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார். “அப்புறமா அளந்து குறிச்சுக்கலாம்” என்றேன். உடைந்ததில் ஒட்டியிருந்த ‘100 செ.மீ.’ சீட்டைப் பக்குவமாக உரித்துப் புதியதில் ஒட்டினேன் - நான்தான், இதே கையால். அளக்கவே இல்லை. மறந்தே போய்விட்டேன்.

அப்படியானால் அந்த ஐந்து பேருக்கும் நூறு எங்கிருந்து வந்தது? சீட்டிலிருந்து. போன வருடத்து நோட்டிலிருந்து. விடையை முதலில் வைத்துக்கொண்டு அளவுகளைப் பின்னாலிருந்து சமைத்திருக்கிறார்கள். இந்தப் பருவம் முழுக்க எல்லா நோட்டிலும் நூறுதான். எல்லாவற்றிலும் ‘சரி’ போட்டு என் கையெழுத்து.

அவளுடைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். எடுக்காமலே இருந்திருக்கலாம். ஜனவரி 20: விடை 84.7. குறுக்கே சிவப்பு மையில் ‘மறுபடி செய்’. அடுத்த பக்கம், ஜனவரி 22: மறுபடியும் 84.5. மறுபடியும் ‘மறுபடி செய்’. மூன்றாவது முறை 99.6. அதன் கீழே என் ‘சரி’.

அவளுக்குச் சமைக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தானா? ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன் நான்?

மார்ச் 11, புதன்

உதவியாளரிடம் சொன்னேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. “லென்ஸ் விஷயம் நம்ம ரெண்டு பேருக்குத்தான் மேடம் தெரியும். சீட்டைக் கிழிச்சுப் போட்டுடட்டுமா?” நல்ல மனுஷர். எனக்காகத்தான் கேட்டார். கிழிக்கலாம் என்று எனக்கும் ஒரு நிமிடம் தோன்றியது. ஒரு நிமிடம் இல்லை, மதியம் வரைக்கும்.

வீட்டில் சண்டை. “இந்த வாரம்தானா உனக்கு நேர்மை பொங்கணும்? கையெழுத்தாகட்டும், அப்புறம் சொல்லு.”

“அப்புறம்னா அவளுக்கு இடம் போயிடும்ங்க.”

“நம்ம பொண்ணு அடுத்த வருஷம் காலேஜ் போகணும், ஞாபகம் இருக்கா?”

“ஒருத்தர் எக்ஸ்ரே படத்துல இன்னொருத்தர் பேரை ஒட்டிட்டீங்கன்னா, கையெழுத்தாகட்டும்னு காத்திருப்பீங்களா?”

“அது வேற” என்றார். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். என்ன வேற? எனக்குக் கோபத்தில் கண்ணீர் வந்துவிட்டது.

மார்ச் 12, வியாழன்

துறைத் தலைவரிடம் முழுவதையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார்.

“ஒரு பொண்ணுக்காக அஞ்சு பேரை மாட்டிவிடணுமா? இந்தப் பருவ நோட்டு எல்லாத்துலயும் உங்க கையெழுத்து இருக்கு, யோசிச்சீங்களா?”

“யோசிச்சேன் சார்.”

“கூட்டல் பிழைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. பன்னெண்டு முப்பத்தாறாகட்டும். யாருக்கும் நஷ்டம் இல்ல.”

என் கோப்பை இழுத்து மேலே வைத்தார். வேண்டுமென்றே வைத்தாரா, தற்செயலா? தெரியவில்லை. நாளை மாலை நான்கு மணி வரை நேரம்.

மார்ச் 13, வெள்ளி

‘கூட்டல் பிழை’ என்றுதான் முதலில் எழுதினேன். மறைக்க என்ன இருக்கிறது, எழுதினேன். அழகான கையெழுத்தில், தேதி எல்லாம் போட்டு. அவளுக்கு இடம் கிடைக்கும், எனக்கு வேலை கிடைக்கும், ஐந்து பேருக்கும் வாழ்வு. எல்லாம் நூறுக்கு நூறு.

அந்தத் தாளைப் பார்க்கப் பார்க்கத் தெரிந்தது. இதுவும் சமையல்தான். விடையை முன்னால் வைத்துக்கொண்டு பின்னாலிருந்து எழுதியது. இதற்குத்தான் ஒன்பது வருடமாக அடுத்தவர் மதிப்பெண்ணை வெட்டிக்கொண்டிருந்தேன்.

கிழித்தேன். லென்ஸ் உடைந்தது, சீட்டு ஒட்டியது, ‘மறுபடி செய்’ இரண்டு முறை, என் அளவு 84.9, 84.3, எல்லாம் எழுதினேன். மூன்றே முக்காலுக்குக் கொடுத்தேன். துறைத் தலைவர் வாங்கிக்கொண்டார், நிமிர்ந்து பார்க்கவில்லை. நாற்காலியில் உட்காரச் சொல்லவும் இல்லை.

மார்ச் 18, புதன்

இடதுகைக்காரிக்கு முப்பத்தெட்டு. மற்ற ஐவரும் என் முன்னால் மறுபடி செய்தார்கள். ஒருவனுக்கு வளையமே கிடைக்கவில்லை. அரை மணி நேரம் லென்ஸ் மேல் இருந்த தூசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். அவனுக்கு 85.2 வந்தது. சந்தோஷத்தில் “மேடம், நெஜமாவே வருது!” என்று கத்தினான்.

மார்ச் 24, செவ்வாய்

கோப்பு திரும்பி வந்துவிட்டது. கையெழுத்து இல்லை.

அவரிடம் சொன்னேன். டிவியை அணைத்தார். பிறகு, “அன்னைக்கு நீ கேட்டதுக்கு நான் பதில் சொல்லலை. காத்திருக்க மாட்டேன்” என்றார்.

மார்ச் 31, செவ்வாய்

கடைசி நாள். பழைய சீட்டை உரித்துவிட்டுப் புதியது ஒட்டினேன்: 84.6. அளந்த தேதியாக மார்ச் 3 போட்டேன். அன்றைக்கு அளந்தது அவள்தானே.

சாவிக்கொத்தை உதவியாளரிடம் கொடுக்கும்போது இடதுகைக்காரி நோட்டோடு வந்தாள். நன்றி, அது இது என்று ஆரம்பிப்பாளோ என்று பயந்தேன். ஜனவரி 20 பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தாள்.

“இதுல ஒரு கையெழுத்து வேணும் மேடம்.”

என் பேனாவை ஏற்கனவே பைக்குள் போட்டுவிட்டேன். அவளுடையதை வாங்கி ‘மறுபடி செய்’ என்பதை அடித்தேன். பக்கத்தில் ‘சரி’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, இன்றைய தேதி இட்டேன்.