சுருதியை இறக்க மாட்டேன்

கொண்டாப்பூரில் என் மகளின் அடுக்ககத்துக் கீழ்த்தளத்தில் ஓர் அறை உண்டு. சனிக்கிழமை சாயங்காலங்களில் நாற்பதைத் தாண்டிய நான்கு ஐ.டி.காரர்கள் அங்கே கூடி ராக் வாசிக்கிறார்கள். அவர்களில் செல்வின் என்பவர், நாகர்கோவில்காரர், எங்கிருந்தோ ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிஃபையரை வாங்கி வந்து சுவிட்சைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக் குழாய்கள் சூடேறி, உள்ளே கிடந்த தூசி கருகும் வாசனை எழுந்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் திரும்பி உன்னைத் தேடினேன்.

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த வாசனை வரும்போதெல்லாம் என் இடது பக்கத்தில் நீதான் இருப்பாய். மடியில் பேஸ் கிட்டார், வாயில் ஏலக்காய். "சூடாகட்டும்டி. மகாராணிக்கு என்ன அவசரம்?" என்பாய்.

நான் கல்யாணமாகி ராமச்சந்திராபுரத்துத் தொழிற்சாலைக் குடியிருப்புக்குப் போனபோது, பாட்டு அத்தோடு முடிந்தது என்று இரண்டு குடும்பமும் நிம்மதி அடைந்தது. நீ விடவில்லை. மௌலா அலியிலிருந்து, நகரத்தின் அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு, சனிக்கிழமைதோறும் கிட்டார் பெட்டியோடு பஸ் மாறி மாறி வந்தாய். கண்டக்டர் பெட்டிக்கும் டிக்கெட் கேட்டால், உள்ளே இருப்பது உன் மாமியார் என்று சொல்வாயாம். உனக்குக் கல்யாணமே ஆகவில்லை. என் கணவரின் ஆபீஸ் நண்பர்கள் இருவர் லீட் கிட்டாரும் டிரம்ஸும் வாசித்தார்கள். அவருக்கு ராக் பிடிக்காது. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாட்டு முடிந்ததும் முதலில் கை தட்டுவார்.

அந்தக் காலத்தில் நாம் பாடியதெல்லாம் அடுத்தவர் பாட்டு. சொந்தப் பாட்டு ஒன்று வேண்டும் என்று ஆரம்பித்தவள் நீ. ஷிஃப்டுக்குப் போகிறவர்களைப் பற்றி, தமிழில். ஒரு மத்தியானம் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் கிட்டாரோடு காத்திருந்து, தொழிற்சாலைச் சைரன் ஏறி ஏறி ஓர் இடத்தில் நின்றதும் தந்தியில் அந்த ஸ்வரத்தைப் பிடித்தாய். "இதான் உன் கடைசி நோட்டு. சைரன் எங்கே நிக்குதோ அங்கே நில்லு. மேலயும் நக்கோ, கீழயும் நக்கோ." வேண்டாம் என்பதற்கு உனக்கு எப்போதும் 'நக்கோ'தான்.

முதல் தடவை குடியிருப்புக் கிளப்பில் அதைப் பாடியது உனக்கு நினைவிருக்கும். நான் அந்த ஸ்வரத்தில் போய் நின்றதும், முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஃபோர்ஜ் ஷாப் மேஸ்திரி திடுக்கிட்டு எழுந்து நாற்காலிக்கு அடியில் டிபன் கேரியரைத் தேடினார். நீ மைக்கைப் பிடுங்கி, "பைட்டோ சாச்சா, டியூட்டி கல் ஹை!" என்றாய். உட்காருங்கள் பெரியவரே, வேலை நாளைக்குத்தான் என்று. கிளப்பே சிரித்தது. அன்றைக்கு நான் எவ்வளவு பெருமையாக மேடையை விட்டு இறங்கினேன்! நீ கிட்டாரைத் துடைத்தபடி சொன்னாய்: "சாச்சாவை எழுப்பினே, சரி. ரெண்டாவது சரணத்துல எங்கே போனே? ஊட்டிக்கா?"

உன் பாராட்டு அப்படித்தான் இருக்கும். அறுபது வருட சிநேகத்தில் என் குரலைப் பற்றி நீ ஒரு தடவைகூட இனிப்பாகப் பேசியதில்லை. அதனால்தான் உன் பேச்சு எனக்கு வேண்டியிருந்தது. மற்றவர்கள் நல்லாயிருக்கு என்றால் நன்றி சொல்லிவிட்டு உன் முகத்தைப் பார்ப்பேன்.

என் கணவர் போன பிறகு நான் பாடவில்லை. பாட மனமில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைக்க விட்டேன். உண்மை வேறு. ஒரு நாள் சமையலறையில் வாயைத் திறந்தேன், குரலுக்குப் பதில் காற்று வந்தது. உன்னிடம் மட்டும்தான் அதைச் சொன்னேன். நீ போனிலேயே, "எங்கே, சைரனைப் பிடி பார்க்கலாம்" என்றாய். பிடித்தேன். எனக்கே கேட்கக் கூசும் சத்தம். போனில் நீ ஏலக்காயைக் கடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "துருதான்டி. வேற ஒண்ணுமில்ல. தேய்ச்சா போயிடும்" என்றாய். அந்த மழைக்காலம் முடிவதற்குள் உன் இதயம் நின்றுவிட்டது.

அன்றிலிருந்து எனக்கு உன்மேல் ஒரு சந்தேகம். வாழ்நாள் முழுக்க என்னிடம் பொய் சொல்லாதவள் கடைசியாக ஒன்று சொன்னாயா? விதவைக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று இரக்கப்பட்டாயா? அப்படியென்றால் உன்னை நான் மன்னிக்கப்போவதில்லை. செத்துப்போனாய் என்பதற்காகச் சலுகை கிடையாது.

குடியிருப்பில் வாழ்ந்தவர்கள் பழைய கிளப் கூடத்தில் ஒன்று கூடப்போவதாகவும், நான் அந்தச் சைரன் பாட்டைப் பாட வேண்டும் என்றும் செய்தி வந்தபோது, சரி என்றேன். உன் வார்த்தையைச் சோதித்துப் பார்க்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது.

முதலில் தொண்டை டாக்டரிடம் போனேன். கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தார். வயதால் குரல் நாண்கள் மெலிந்துவிட்டன, பாடும்போது முழுதாகச் சேரவில்லை, இடையில் காற்று கசிகிறது என்றார். "பேசறதுக்கு இது தாராளமா போதும், மேடம்" என்றார். பேசுவதற்கா நான் பணம் கட்டிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தேன்? பழைய பலம் திரும்புமா என்று கேட்டேன். கொஞ்சம் திரும்பலாம், முழுதும் என்று சொல்ல முடியாது என்று குரல் பயிற்சியாளரிடம் அனுப்பினார். அந்தப் பெண் என் கையில் ஸ்ட்ராவைக் கொடுத்து, தண்ணீர் டம்ளருக்குள் அதன் வழியாக ஊதிக்கொண்டே ஸ்வரம் பிடிக்கச் சொன்னாள். நாண்களுக்கு அடிபடாமல் அவற்றைச் சேரப் பழக்கும் வழியாம். ஆறு மாதம், காலையும் மாலையும், குமிழி விட்டேன். என் மகள், "அம்மா, அமெரிக்காலேர்ந்து ஃபோன் பண்றவங்க, வீட்ல மீன் தொட்டி வாங்கியாச்சான்னு கேட்கறாங்க" என்றாள். நீ இருந்தால் இதைவிட மோசமாக ஏதாவது சொல்லியிருப்பாய்.

ஸ்வரங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவசரப்படாமல், பழைய வீட்டுக்குத் திரும்பும் பூனை மாதிரி, பாதி தூரம் வந்து நின்று என்னைப் பார்த்தன. சைரனுக்கு ஒரு படி கீழே வந்ததும் நின்றேபோயின.

எனக்கு வாசிக்க ஒப்புக்கொண்ட செல்வின் ஒத்திகையில் மெதுவாக ஆரம்பித்தார். "ஆன்ட்டி, பாட்டையே ரெண்டு படி எறக்கிக்கிடுவோம். யாருக்குத் தெரியப்போவுது?"

"ஷிஃப்டுக்குப் போனவங்க அத்தனை பேருக்கும் தெரியும்."

"எழுவது எண்பது வயசு ஆளுவளுக்கா?"

"அவங்களுக்குத்தான் தெரியும். அந்தச் சத்தத்துக்கு எழுந்து, அந்தச் சத்தத்துக்குச் சாப்பிட்டவங்க. சைரனை யாராவது இறக்கி ஊதுவாங்களா?"

"அப்ப கடைசி நோட்டுல நான் கிட்டார ஏத்தி மூடிருதேன். நீங்க கவலப்படாதீங்க."

"அந்த இடத்துல நீங்க நாலு பேரும் கையை எடுத்துடணும்."

"வெறுமனேயா, ஆன்ட்டி?"

"வெறுமனே."

அவர் டிரம்ஸ்காரரைப் பார்த்தார். டிரம்ஸ்காரர் கூரையைப் பார்த்தார்.

என் மகள் வேறொரு வழி கண்டுபிடித்தாள். கிளப்பில் பதிவு செய்த பழைய கேசட்டை யாரோ கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். "அந்த வாய்ஸையே போட்டுடலாம்மா. நீ உதட்டை மட்டும் அசைச்சாப் போதும். எல்லாரும் கேட்க வர்றது அந்தக் குரலைத்தானே?" கெட்ட எண்ணம் இல்லை. நான் அவமானப்படக் கூடாது என்று பயந்தாள்.

எனக்கு நாம் படித்த கான்வென்ட்டின் பாட்டறை கண்முன் வந்தது. உன் குரல் கரகரவென்று இருக்கிறது என்று, ஆண்டு விழாவில் நீ உதட்டை மட்டும் அசைத்தால் போதும் என்றார் சிஸ்டர். நீ பணிவாக, "எஸ், சிஸ்டர்" என்றாய். வரிசையிலிருந்து விலகி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு அந்தப் பாட்டறைக்குள் நீ கால் வைக்கவே இல்லை. பதின்மூன்று வயதில் நீ ஒப்புக்கொள்ளாததை எழுபத்தாறு வயதில் நான் ஒப்புக்கொள்வதா? அதுவும் என் குரலுக்கே நான் வாயசைப்பதா? மகளிடம், "நான் இன்னும் உயிரோட இருக்கேன்" என்று மட்டும் சொன்னேன்.

அந்த நாள் வந்தது. கிளப் கூடத்துக்கு வெள்ளையடித்திருந்தார்கள். தடிகளும் சக்கர நாற்காலிகளும் முன்வரிசையில். முதல் சரணம் சரியாகப் போனது. இரண்டாவதில் நான் ஊட்டிக்குப் போகவில்லை, கவனமாக இருந்தேன். கடைசி இடம் வந்தது. நால்வரும் சொன்னபடி கையை எடுத்தார்கள். திடீரென்று கூடத்தில் மின்விசிறிகளின் சத்தம் மட்டும். அந்த ஒரு படி எனக்கு ஒத்திகையில் ஒருநாளும் முழுதாக வந்ததில்லை. செல்வினுக்கும் அது தெரியும், கண்ணை மூடிக்கொண்டார்.

ஏறினேன். போய் நின்றேன். நடுவில் குரல் கிழிந்தது, காற்று கசிந்தது. விட்டுவிடவில்லை. அதே மூச்சில் இழுத்துப் பிடித்து மறுபடி அங்கேயே கொண்டுபோய் நிறுத்தினேன். அப்போது பார்த்தேன். முன்வரிசையில் ஒருவர், யாரென்று எனக்குத் தெரியவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், சட்டைக் கையை விலக்கிக் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். யாரும் சொல்லிச் செய்யவில்லை. ஒரு காலத்தில் சைரனுக்குக் கடிகாரத்தைச் சரி பார்த்த கைகள், தாமாகத் திரும்பின.

எவ்வளவு கைதட்டினார்கள் என்று எழுதப்போவதில்லை. கைதட்டுவதை நீ எப்போது மதித்தாய்?

மறுநாள் காலை பதிவைத் தனியாகக் கேட்டேன். ஸ்வரம் சரி. பலம் பழைய பலம் இல்லை. துரு போயிருக்கிறது, துரு தின்ற இரும்பு திரும்பவில்லை. ஆக நீ பொய் சொல்லவில்லை, ஆனால் முழுதும் சொல்லவுமில்லை. தேய்த்தால் இரும்பும் கொஞ்சம் குறையும் என்று தெரிந்தும் தேய்க்கச் சொன்னாய். அது இரக்கமா என்று யோசித்துப் பார்த்தேன். இரக்கப்பட்டிருந்தால், இந்த வயதில் போதும்டி, ஓய்வெடு என்றிருப்பாய். டாக்டரும் மகளும் சொன்னது அதுதான். நீ வேலை கொடுத்துவிட்டுப் போனாய். மன்னித்தேன்.

ஏப்ரலில் கச்சிபௌலியில் ஒரு சின்ன அரங்கில் செல்வின் குழுவோடு நான்கு பாட்டு பாடுகிறேன். அவர்கள் இரண்டு கேட்டார்கள், நான் நான்கு என்றேன். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது, புகழ்ந்தால் கூசுகிற ஒரு காது. தனிமையிலும் மேடையிலும் அதைத்தான் வைத்திருக்கிறேன். என் குரல் தீர்ந்துவிட்டது என்று அது சொல்லும் நாளில் நான் நிறுத்துவேன், வேறு யார் சொல்லியும் இல்லை.

போன சனிக்கிழமை ஒத்திகையில் முதல் பாட்டு முடிந்ததும் செல்வின், "சூப்பர், ஆன்ட்டி" என்றார்.

"அதைச் சொல்ல என் மக இருக்கா. எங்கே இறங்கிச்சுன்னு சொல்லுங்க."

அவர் நெளிந்தார். கிட்டார் வாரை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு மெல்ல, "மூணாவது வரில, ஆன்ட்டி. மூச்சு பத்தல" என்றார்.

"எனக்கும் அப்படித்தான் கேட்டுது. மூணாவது வரியிலேர்ந்து ஆரம்பிங்க."