எந்தத் தோட்டத்துக் கோப்பி

ஸ்பிரிங்வேல்,
மெல்பேண்.
23.7.1978

என் கோப்பி அத்தானுக்கு,

நாகேசு எழுதிக்கொள்வது. நானும் கலாவும் சுகம். அடுத்த வரியாக உங்கள் சுகத்தைக் கேட்க வேண்டும். அது வராமல் பேனையை வைத்துவிட்டுப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்பு எழுத்து, பிழை இருந்தால் சிரிக்க வேண்டாம்.

இங்கே சரியான குளிர். கலாவுக்குப் பதினாலு முடிந்துவிட்டது. நான் தமிழில் கேட்டால் இங்கிலீசில் பதில் சொல்கிறாள். போன கிழமை பள்ளிக்கூடப் படிவத்தில் தகப்பன் காலமாகிவிட்டார் என்று அவளாகவே எழுதிக்கொண்டு வந்தாள். நான் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். இந்தக் கிழமையென்றால் என் கை ஓடியிருக்காது.

நான் இப்போது கோப்பி வறுக்கிற இடத்தில் வேலை செய்கிறேன். சாக்கில் வரும் பச்சைக் கொட்டையில் கறுத்ததையும் உடைந்ததையும் பொறுக்கி எறிகிற வேலை. முந்தி நீங்கள் குசினி மேசையில் கொட்டையைப் பரப்பி வைத்து, உருண்டையாய் நடுக்கோடு நேராய் இருந்தால் ரொபஸ்ரா, நீட்டாய்க் கோடு வளைந்திருந்தால் அரபிக்கா, இதுகூடத் தெரியாதோ என்று என்னைச் சீண்டுவீர்கள். அரிசியில் கல் பொறுக்குகிறவளுக்கு இது எதற்கு என்று நான் எழும்பிப் போய்விடுவேன். இப்போது கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே சொல்லுவேன்.

இரண்டு மாதத்துக்கு முன் எர்மெலிந்தா என்ற தீமோர்ப் பெண் என் மேசைக்கு வேலைக்கு வந்தாள். போர்த்துக்கலில் அகதியாக இருந்துவிட்டு வந்தவள். இரண்டு பேருக்கும் இங்கிலீஸ் அரைகுறை. ஆனால் மேசை, கதிரை, யன்னல், அலுமாரி என்று நான் சொன்னால் அவளுக்கு விளங்குகிறது, எல்லாம் போர்த்துக்கீசச் சொல்லாம். முதல் நாள் அங்கிருந்த சாமானை எல்லாம் காட்டிக் காட்டிச் சிரித்தோம். பிறகொரு நாள் உங்கள் படத்தைக் காட்டி, எழுபத்தைந்தில் கோப்பி பார்க்கத் தீமோருக்குப் போய்த் திரும்பாதவர் என்று சொன்னேன். இந்த ஆள் பழத்தைக் கடித்துத் துப்பித் துப்பிப் பார்ப்பாரா என்று கேட்டாள். ஓமோம் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் உங்களைக் கண்டதில்லை. அவள் புருஷன் எர்மேரா மலையில் கோப்பி பிடுங்கினவன். எழுபத்தைந்து ஆவணியில் அங்கே சண்டை தொடங்கியவுடன் இவள் எல்லை தாண்டி ஓடிவிட்டாள். அவன் ஒன்றரை வருஷம் கழித்துத்தான் எப்படியோ வெளியேறி லிஸ்பனுக்கு வந்து சேர்ந்தான். வந்த மூன்றாம் கிழமை நெஞ்சு வருத்தம் வந்து செத்துப்போய்விட்டான். சாக முன் ஒரு புகையிலைத் தகரத்தை இவளிடம் கொடுத்தானாம். பழத்தைக் கடித்துத் துப்பிப் பார்க்கிற, கண்ணாடி போட்ட கறுத்த மனிதர் ஒருவர் பழம் பிடுங்குகிற நேரத்தில் வெடிபட்டுத் தன் பக்கத்திலேயே விழுந்தாராம். அன்றைக்கு அவர் பிடுங்கிய கொட்டைதான் தகரத்தில் இருப்பது என்றானாம். எந்த வருஷம் என்று சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. யாரோ ஒரு மனிதர்தானே.

அத்தான், அங்கே இரண்டு தோட்டம். எழுபத்தைந்தில் அவன் கீழ்த் தோட்டத்தில் பிடுங்கினான், அது ரொபஸ்ரா. அடுத்த வருஷம் ஆடியில் சனத்தோடு மலை உச்சியில் ஒளிந்திருந்து மேல் தோட்டத்தில் பிடுங்கினான், அது அரபிக்கா. தகரத்தைத் திறந்தால் வருஷம் தெரிந்துவிடும்.

எந்த வருஷமென்றால் என்ன, அப்பா இல்லைத்தானே என்று கலா கேட்டாள். அவளுக்கு விளங்காது. செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டியை எழுபத்தாறு மாசியில் நான் உங்களுக்குச் செய்துவிட்டேன்.

நீங்கள் வேலை பார்த்த கந்தோரிலிருந்து தையில் கடிதம் வந்தது, இனி நம்பிக்கையில்லை என்று. யோகேஸ்வரன் அண்ணன் ஊரிலிருந்து மூன்று கடிதம் போட்டார், மச்சானுடைய ஆத்மா அலையும், தாமதிக்காதே என்று. இங்கே ஐயர் ஏது? மந்திரம் தெரிந்த சேஷாத்ரி என்ற இந்திய இஞ்சினியர் புத்தகத்தோடு வந்தார். நாள் கேட்டார். என்னிடம் நாள் இல்லை. அமாவாசையைப் பிடித்தோம். அன்றைக்கே பொட்டை அழித்தேன். அதுவரை கனவில் வந்துகொண்டிருந்த நீங்கள் அதோடு வரவில்லை. ஆத்மா அடங்கிவிட்டது என்று அண்ணன் எழுதினார்.

ஆனால் அந்த வருஷம் ஆடியில் கனவில் திரும்ப வந்தீர்கள். நனைந்த உடுப்போடு கதவடியில் நின்றீர்கள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. இதை நான் அண்ணனுக்கு எழுதவில்லை.

நேற்று மத்தியானம் எர்மெலிந்தா தகரத்தோடு வீட்டுக்கு வந்தாள். வெள்ளைக் கோப்பையில் கொட்டினோம். காய்ந்த தோலை நகத்தால் நீக்கினேன். முதல் கொட்டையைத் தொட்டதும் விரலுக்குத் தெரிந்துவிட்டது. முழு உருண்டையுமில்லை, நீட்டுமில்லை. கோடு நேராய்ப் போய்ப் பாதியில் வளைகிறது. எல்லாமே அப்படித்தான். ரொபஸ்ராவா அரபிக்காவா என்று அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையாட்டினேன், இரண்டுமில்லை என்று.

நீங்கள் தீமோரிலிருந்து கடைசியாகப் போட்ட கடிதம் எனக்கு மனப்பாடம். இரண்டு சாதியும் தாமாகக் கலந்து பிறந்த மரத்தைக் கண்டேன், நூறு வருஷத்துக்கு முன் இலங்கைக் கோப்பியைத் தின்ற இலைநோய் இதைத் தொடுவதில்லை, கீழேயும் நிற்கிறது மேலேயும் நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த மரத்தைத் தேடித்தானே போனீர்கள். வேறெதைப் பிடுங்கியிருப்பீர்கள். இரண்டு தோட்டத்திலும் நிற்கிற மரம் வருஷத்தைச் சொல்லாது.

எர்மெலிந்தா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். தன் மனிதன் இன்னும் ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்று அவளுக்கும் கோபம். எனக்குக் கண்ணீர் வரவில்லை.

இன்று காலை சேஷாத்ரிக்குப் போன் பண்ணிக் கேட்டேன், உயிரோடு இருக்கிறவருக்குச் செய்திருந்தால் என்ன பாவம் என்று. "அப்படி இருந்திருந்தா, அது அவருக்கு ஆயுசைக் கூட்டியிருக்கும்னு நெனைச்சுக்கோங்கம்மா" என்றார். நல்ல மனிதர். ஆனால் பாருங்கோ, கூட்டினதென்றாலும் ஐந்து மாதம்தானே. அந்த ஐந்து மாதமும் வெள்ளைச் சீலையோடு நான் இங்கே நல்லாய்ச் சாப்பிட்டேன், நித்திரை கொண்டேன். நீங்கள் அந்த மலையில் என்னத்தைச் சாப்பிட்டீர்களோ.

நான் செய்தது பிழையென்றால் என்னோடு போகட்டும். பிள்ளையைத் தொடவேண்டாம். அவளுக்கு உங்கள் கண். எங்கே இருந்தாலும் அவளைப் பார்த்துக்கொள்ளுங்கோ.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கலியாணம் முடித்துப் பதினாறு வருஷம், ஒரு நாளும் உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. அந்தியேட்டி அன்றைக்குச் சொல்லத்தான் வேண்டும் என்றார்கள். இலையில் சோற்றை வைத்துவிட்டு மகேந்திரராஜா, மகேந்திரராஜா, மகேந்திரராஜா என்று மூன்று தரம் கூப்பிட்டேன். அத்தான், அந்த மலையில் எங்கேயாவது மரத்தடியில் நின்றுகொண்டு, யார் கூப்பிடுகிறது என்று நீங்கள் திரும்பிப் பார்த்தீர்களா?

உங்கள்
நாகேசு